மழைநீர்ப் பீப்பா: திரான்சியிலும் தாயகத்திலும்

(பாரிசின் புறநகரான திரான்சியில், பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய மேடைகளில் மொழியைப் பற்றியும், பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், தாயகத்தின் நிலைமை பற்றியும் பேசுவோர் பலர் உளர். எனக்குத் தரப்பட்ட தலைப்போ ஒரு பீப்பா. பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது; சிரிக்கலாம், தவறில்லை. குழாயைத் திறந்தால் இரவு பகலாக நீர் வரும் நாட்டில் மழைநீரைப் பிடித்து வைப்பானேன் என்று இளையோர் கேட்பர். கிணற்றடியில் வளர்ந்த எமக்கு மழைநீரைப் பற்றி என்ன புதிதாகச் சொல்லப் போகிறாய் என்று பெரியோர் கேட்பர். இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒரே கணக்கில் அடங்கியிருக்கின்றது. ஆகவே கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். இதனை மனதில் வைத்துக்கொண்டால் ஏனையவை எளிது. பாரிசில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 640 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் பெய்வதோ ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். எப்போதும் குடையோடு திரிகின்ற இந்த நகரத்தில், நாம் வெயிலூர் என்று நினைவில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தில் பெய்வதில் பாதியளவே பெய்கிறது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். வேறுபாடு மழையின் அளவில் இல்லை, அது பெய்யும் முறையில் இருக்கின்றது. பாரிசில் மாதத்துக்கு 50 மில்லிமீற்றர் அளவில், சிறுகச் சிறுக, ஆண்டு முழுவதும் பெய்கிறது. யாழ்ப்பாணத்திலோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று சில வாரங்களில் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பின்னர் மாதக்கணக்கில் வானம் வெளித்துக் கிடக்கும்.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கின்றது. நீரைச் சேமிக்கும் கலனின் அளவைத் தீர்மானிப்பது, எவ்வளவு மழை பெய்கிறது என்பதைக் காட்டிலும், இரண்டு மழைகளுக்கு இடையே எத்தனை நாட்கள் காய்கின்றன என்பதே. கணினித் துறையில் இருப்போருக்கு இது பழகிய கருத்து. தரவு விட்டு விட்டு வந்தாலும் படம் இடையறாது ஓடுவதற்காக இடையில் ஒரு தேக்கம் வைக்கின்றோம் அல்லவா? அதுவே இது. திரான்சியில் அந்தத் தேக்கம் ஒரு பீப்பா. வேலணையில் அது ஒரு பெரிய தாங்கி.

முதலில் திரான்சியைப் பார்ப்போம். இந்நகரில் தோட்டத்துடன் கூடிய சிறிய தனி வீடுகள் நிறைய உண்டு. எம்மவர் பலரும் அவற்றை வாங்கிக் குடியிருக்கின்றனர். அத்தகைய வீட்டின் கூரையில் ஒரு பக்கம் மட்டும் 40 சதுர மீற்றர் என்று கொள்வோம். (கூரையின் சரிவை அளக்கக் கூடாது, அது மூடியிருக்கும் தரைப்பரப்பையே அளக்க வேண்டும். இளையோர் இணையத்திலுள்ள செய்மதி வரைபடத்திலேயே இதனை அளந்துவிடலாம்.) நனைவதிலும் தெறிப்பதிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும், ஓராண்டில் அந்த ஒரு பக்கத்துக் கூரை ஏறத்தாழ 20,000 லீற்றர் நீரைத் தருகிறது. 10 மில்லிமீற்றர் மழை ஒருமுறை பெய்தால் 320 லீற்றர் கிடைக்கும். அதாவது கடைகளில் விற்கப்படும் 300 லீற்றர்ப் பீப்பா ஒரு நல்ல மழையிலேயே நிறைந்துவிடும். கத்தரி, மிளகாய், பயற்றை, கீரை என்று 10 சதுர மீற்றரில் பயிரிட்டிருப்பவருக்குக் கோடையில் நாளொன்றுக்கு 40 லீற்றர் தேவை என்று வைத்தால், அந்த நீர் ஒரு வாரம் வரை போதும். அதற்குள் இன்னொரு மழை வருவதே இங்கு பெரும்பாலும் வழக்கம்.

இதனால் எவ்வளவு பணம் மிஞ்சும் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதிகம் மிஞ்சாது. கழிவுநீர்க் கட்டணத்தையும் சேர்த்து இப்பகுதியில் ஒரு கனமீற்றர் நீருக்கு 4 யூரோவுக்கு மேல் செலுத்துகிறோம். பீப்பா ஆண்டில் 15 முறை நிறைந்து வெறுமையாகிறது என்றால் நாலரைக் கனமீற்றர், ஏறத்தாழ 20 யூரோ. பீப்பாவின் விலை 50 யூரோவிலிருந்து 100 யூரோ வரை. போட்ட முதல் திரும்பவே சில ஆண்டுகள் செல்லும். சில நகரசபைகள் உதவித்தொகை வழங்குகின்றன என்பதால் வாங்குமுன் நகரசபையில் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது. ஆனால் பணத்துக்காகவே இதனைச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

வேறு காரணங்கள் உண்டு. 2022 கோடையில் பிரான்சின் பெரும்பகுதி வறட்சியால் வாடியதையும், மாவட்டம் மாவட்டமாக நீர்க் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டதையும் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய காலங்களில் குழாய் நீரைத் தோட்டத்துக்கு ஊற்றுவதற்கு நேரக் கட்டுப்பாடோ முழுத் தடையோ வரும். கூரையிலிருந்து சேமித்த நீருக்குப் பொதுவாக அந்தத் தடை இல்லை. இன்னொன்று, எம் வீட்டுத் தாய்மாருக்கு மிக நெருக்கமானது: கறிவேப்பிலை. சாடியில் வைத்த கறிவேப்பிலைக் கன்று இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, மெல்ல மெல்லச் சாவதைப் பலர் கண்டிருப்பீர்கள். குளிரின் மேல் பழி போடுகிறோம். குளிரும் காரணந்தான். ஆனால் இப்பகுதிக் குழாய் நீர் சுண்ணாம்பு மிகுந்தது; நீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலமே அதற்குச் சான்று. அந்தச் சுண்ணாம்பு மண்ணில் சேரச் சேர, செடியால் இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாமற் போகிறது. மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. லாச்சப்பல் கடைகளில் சிறு கட்டுக் கறிவேப்பிலைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை.

மேலும் ஒன்று. கடும் மழையின்போது பாரிசிலும் இதன் புறநகர்களிலும் பல இடங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே சாக்கடையில் கலந்து, அது கொள்ளாதபோது ஆற்றில் வழிந்துவிடுகிறது. அதனைத் தடுக்கவே ஒலிம்பிக் போட்டிகளை முன்னிட்டு 2024 இல் பாரிசின் அவுஸ்தர்லிஸ் நிலையத்தருகே 50,000 கனமீற்றர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி திறக்கப்பட்டது. அதுவும் ஒரு பீப்பாதான், சற்றே பெரியது.

பொருத்தும் முறை கடினமன்று. கூரைப் பீலியிலிருந்து கீழிறங்கும் குழாயை ஓரிடத்தில் அறுத்து, இடையில் ஒரு சிறு துண்டைச் செருகுகிறோம். நீர் அதன் வழியே பீப்பாவுக்குள் செல்லும். பீப்பா நிறைந்ததும் மிகுதி நீர் பழைய வழியே தானாகப் போய்விடும். இந்தத் துண்டு கட்டடப்பொருள் அங்காடிகளில் கிடைக்கிறது. பீப்பாவைச் சீமெந்துக் கற்களின் மேல் சற்று உயர்த்தி வைத்தால் கீழுள்ள குழாயில் வாளியைப் பிடிக்கலாம். 300 லீற்றர் நீர் 300 கிலோ எடை என்பதை மறந்துவிடாதீர்கள். தளம் சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். மேல்மாடி முகப்பில் வைக்கவே கூடாது. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் மூடி, பிள்ளையால் திறக்க முடியாதவாறு பூட்டப்பட்டிருக்க வேண்டும். மார்கழி உறைபனிக்கு முன்னர் பீப்பாவை வெறுமையாக்கி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். உறையும் நீர் பிளாஸ்ரிக்கைப் பிளந்துவிடும்.

எல்லாக் கூரையும் ஏற்றதன்று. பிரான்சில் அஸ்பெஸ்ரஸ் 1997 இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் போடப்பட்ட சீமெந்துத் தகடுக் கூரைகள், தோட்டக் கொட்டில்கள், வாகனத் தரிப்பிடங்கள் ஆகியவற்றில் அது இருக்கக்கூடும். அவற்றிலிருந்தும், ஈயத் தகடு போட்ட கூரைகளிலிருந்தும் நீர் பிடிக்க வேண்டாம். ஓட்டுக்கூரை சிறந்தது. எந்தக் கூரையானாலும் இந்த நீர் குடிப்பதற்கோ சமைப்பதற்கோ உரியதன்று. குழாயின் மேல் அதனை எழுதி ஒட்டுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. உங்கள் நிலத்தில் விழும் மழை உங்களுக்கே உரியது என்று பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தின் 641 ஆம் பிரிவு கூறுகிறது. வெளித்தோட்டத்துக்குப் பயன்படுத்த எவரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. மலசலகூடத்துக்கு இந்நீரை உள்ளே கொண்டுசெல்ல விரும்பினால் 2024 ஜூலையில் வந்த விதிகளில் பல கட்டுப்பாடுகள் உண்டு; குடிநீர்க் குழாயுடன் எவ்விதத்திலும் இணைக்கக் கூடாது, நகரசபையில் அறிவிக்கவும் வேண்டும். அந்த வேலையில் தாமாகவே இறங்க வேண்டாம். வழியும் நீர் அயலவர் வளவுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்மாடியில் இருப்போருக்கு இறங்குகுழாய் பொதுச் சொத்து; குடியிருப்பாளர் கூட்டத்தின் சம்மதமோ வீட்டு உரிமையாளரின் சம்மதமோ வேண்டும். அது கிடைக்கும்வரை, எங்கள் பாட்டிமார் செய்ததுபோல, அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

இப்போது சற்று நின்று பேச வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். அது நுளம்பு.

புலி நுளம்பு எனப்படும், கறுப்பு உடலில் வெள்ளை வரி கொண்ட நுளம்பு பிரான்சின் பெருநிலப்பரப்பில் முதன்முதலாக 2004 இல் தெற்கே மாந்தோன் நகரில் நிலைகொண்டது. இன்று எமது மாவட்டத்திலும் அது இருக்கின்றது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் அதனால் பரப்ப முடியும். 2023 அக்டோபரில், வெளிநாடு செல்லாத ஒருவருக்கு இல்-து-பிரான்சிலேயே டெங்கு தொற்றியது முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டின் இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருமளவில் பரவியிருந்ததை அங்கு சென்று வந்தோர் அறிவர்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று குடும்பமாகச் செல்கிறோம். திரும்பி வரும்போது ஒருவர் உடலில் கிருமி இருக்கலாம். காய்ச்சல் வருவதற்குள் அவர் இங்கே தோட்டத்தில் அமர்ந்திருப்பார். அவரைக் கடிக்கும் நுளம்பு, சில நாட்களின் பின் அயல்வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். புலி நுளம்பு தன் வாழ்நாளில் 150 மீற்றர் அளவே பறக்கும் என்பர். ஆகவே உங்களைக் கடிப்பது உங்கள் வளவிலோ பக்கத்து வளவிலோ பிறந்ததுதான். திறந்து கிடக்கும் ஒரு பீப்பா அந்தத் தெரு முழுவதற்குமான நுளம்புப் பண்ணை ஆகிவிடும். மழைநீர் சேமிப்பதாகச் சொல்லி அயலவருக்கு நோயைக் கொடுத்தோம் என்ற பெயர் எம் சமூகத்துக்கு வேண்டாம்.

தடுப்பது எளிது, ஆனால் அரைகுறையாகச் செய்ய முடியாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நீர் உள்ளே வரும் வழி, மிகுதி நீர் வெளியே போகும் வழி இரண்டுக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த கண்ணுள்ள வலை கட்ட வேண்டும். பலர் உள்வழிக்குக் கட்டிவிட்டு வெளிவழியை மறந்துவிடுகின்றனர். நுளம்பு முட்டையிடுவது நீரின் மேல் அன்று; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பீப்பாவின் உட்சுவரில். அந்த முட்டைகள் நீரின்றியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் நீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூச்சாடித் தட்டு, பழைய வாளி, அடைபட்ட பீலி ஆகியவற்றையும் பாருங்கள். தாயகம் சென்று வந்தபின் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் எங்கிருந்து வந்தீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

வாரந்தோறும் மூடியைத் திறந்து குடம்பி நெளிகிறதா என்று பார்க்கும் பொறுப்பை உங்கள் வீட்டு இளையோரிடம் கொடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனைச் செய்யும். அவ்வாறு செய்ய ஆளில்லாத வீட்டில் பீப்பா வைக்க வேண்டாம் என்பதே எனது கருத்து.

இனி, பெரியோரிடம் பேச விரும்புவது. பீப்பாவின் கணக்கை ஊருக்குக் கொண்டுசெல்வோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டுமே ஆறு. எமக்கிருப்பது சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கி நிற்கும் மழைநீரே. அது கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. அதன் மறுபக்கந்தான் அச்சத்துக்குரியது: மேலே ஒரு மீற்றர் குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 மீற்றர் மேலேறும். துலாவும் பட்டையும் வாளியும் இருந்த காலத்தில் மனிதக் கை இறைக்கக்கூடிய அளவே எடுக்கப்பட்டது. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை இல்லாமற் போயிற்று.

அதன்மேல் வேறு கேடுகளும் சேர்ந்தன. உரமும் மலக்குழிகளும் கிணற்று நீரில் நைத்திரேற்றைக் கூட்டின. சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எம் எல்லோரையும் உலுக்கியது. 2019 இல் உச்ச நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீவகத்தின் நிலையைத் தீவகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. பவுசர் வரும் நாளை எண்ணியிருந்த ஊர்கள் அவை. 1950 களில் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம், கடலில் வீணே கலக்கும் மழைநீரை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி நன்னீராக்கும் எண்ணம் கொண்டது. அது இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்டது. நல்லதே; எனினும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் நிறையச் செலவாகும், அந்த நீர் ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேரவும் வேண்டும்.

இந்நிலையில் புலம்பெயர்ந்த எமது ஊர்ச் சங்கங்கள் செய்வதென்ன? பணம் சேர்த்துக் குழாய்க் கிணறு அடித்துக் கொடுக்கின்றன. நோக்கம் உயர்ந்தது; ஐயமில்லை. ஒரே நாளில் முடிகிறது, நீர் பீறிட்டு வரும் படம் கிடைக்கிறது, பெயர்ப்பலகை வைக்கலாம். ஆனால் மெல்லிய நன்னீர் வில்லையில் ஆழமாகத் துளையிட்டு இயந்திரத்தால் இறைப்பது, பக்கத்துக் கிணறுகளையும் உவராக்கும் வழி. பரிசோதனையும் இன்றி, நீர்வளத்துறையினரிடம் கேட்காமலும் அடிக்கப்படும் குழாய்க் கிணறு கொடையா கேடா என்பதைச் சங்கங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே பணத்தில் மழைநீர்த் தாங்கி கட்டலாம். கணக்கைப் பாருங்கள். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர். 200 காய்ந்த நாட்களுக்கு 5,000 லீற்றர். நூறு சதுர மீற்றர் ஓட்டுக்கூரை அங்கே ஆண்டில் ஏறத்தாழ 100,000 லீற்றர் தரும். எமக்குத் தேவை அதில் இருபதில் ஒரு பங்கே. இலங்கையில் 1990 களின் நடுப்பகுதியிலிருந்து பதுளை, மாத்தறை மாவட்டங்களில் கட்டப்பட்ட வீட்டுத் தாங்கிகளும் 5,000 லீற்றர் அளவினவாகவே இருந்தன. கம்பிவலையின் மேல் சீமெந்துச் சாந்து பூசிக் கட்டுவது. ஊர்க் கொத்தனார் பழகிக்கொள்ளலாம். இதற்கென 1996 இல் தொடங்கப்பட்ட இலங்கை மழைநீர் சேகரிப்பு மன்றம் அனுபவம் மிக்கது. பாடசாலைக் கூரை ஒன்று 200 சதுர மீற்றர் என்றால் 200,000 லீற்றர். நூறு பிள்ளைகளுக்கு நாளுக்கு இரண்டு லீற்றர் வீதம் 120 பாடசாலை நாட்களுக்குத் தேவைப்படுவது 24,000 லீற்றர் மட்டுமே.

ஆனால் கட்டினால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2003 இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் உயர்ந்தது உண்மை. நாளடைவில் பல வீடுகளில் குழிகள் மண்மூடி அடைபட்டன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து தொடருந்தில் நீர் கொண்டுவர நேர்ந்தது. ஊரில் தாங்கி கட்டுவோர், புரட்டாசியில் கூரையையும் பீலியையும் கழுவுவது யார், முதல் மழையை வெளியே விடுவது யார், நீரைக் கொதிக்கவைத்துக் கொடுப்பது யார் என்பதை எழுதி வாங்கிக்கொண்டே பணம் அனுப்ப வேண்டும். ஆண்டுதோறும் சிறு தொகையைப் பராமரிப்புக்கென ஒதுக்கவும் வேண்டும். பெயர்ப்பலகை தாங்கியிலும் வைக்கலாம். இடம் நிறைய உண்டு.

இங்குள்ள இளையோருக்கும் இதில் வேலை இருக்கின்றது. உங்கள் வீட்டுப் பீப்பா எத்தனை நாளில் நிறைந்தது, எத்தனை நாளில் வெறுமையாயிற்று என்பதை ஓராண்டு குறித்து வையுங்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அப்பாவின் பாடசாலைக் கூரையை அளந்து, மேற்சொன்ன கணக்கை நீங்களே போட்டுச் சங்கக் கூட்டத்தில் முன்வையுங்கள். கிணற்றில் ஒருநாளும் நீர் அள்ளாத பிள்ளை ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசுவதா என்று எவரும் கேட்டால், பீப்பாவின் குறிப்பேட்டைக் காட்டுங்கள்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. தோட்டமுள்ள வீட்டில் பீப்பா பொருத்த விரும்புவோர், வாசலில் நிற்கும் தொண்டர்களிடம் பெயரைப் பதிந்து செல்லுங்கள். கூரை, பீலி, இறங்குகுழாய் மூன்றும் தெரியும்படி ஒரு நிழற்படமும், இறங்குகுழாயின் விட்டமும் தேவை. பீப்பாவை நீங்கள் வாங்குங்கள். அறுப்பதற்கும் பொருத்துவதற்கும் சனிக்கிழமைகளில் நாங்கள் வருகிறோம். வலைத்துணி எங்களிடம் உண்டு. ஊர்ச் சங்கப் பொறுப்பாளர்கள் எவரேனும் இருப்பின் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். தாங்கிக்கான செலவுக் கணக்கை அமர்ந்து பேசுவோம்.